ஒரு நிழலா, இரண்டு நிழலா

“உங்க அப்பா நகத்தி நட்ட எல்லைக்கல்லை வானம் பாத்திருக்கு டீச்சர்! ஆனி மாசம் படமா வரும். அப்பம் என்ன சொல்லுதீயன்னு நானும் பாக்கேன்!”

“வரட்டும் அண்ணாச்சி, நல்லா வரட்டும்! எங்க முருங்கை மரத்தை எந்தப் புண்ணியவான் வெட்டிச் சாச்சாம்னும் சேத்து வரட்டும்!”

“அது வராது. ராத்திரி வெட்டுனது வானத்துக்குத் தெரியாதாம். பகல்ல நடந்தாத்தான்…”

பலவேசம் அண்ணாச்சி பாதியில் வாயை மூடிக்கொண்டார். ஹெப்சிபா டீச்சர் மூடவில்லை. இருபத்தாறு வருஷமாகத் துப்புத் துலங்காமல் கிடந்த முருங்கை வழக்கு, படம் ஏதும் வராமலே, பொருநை நகர் மூன்றாம் தெருச் சமுதாயக் கூடத்தில், மைக் முன்னால் தீர்ந்துபோனது. வெட்டியவர் யார் என்பது எனக்கு அப்போதே தெரியும். மறுநாள் காலையில் அவர் வீட்டு ஆடு முருங்கைக் குழை தின்றதை நான் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது என்று எழுதினால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். எழுதாமலே விடுகிறேன்.

சண்டைக்குக் காரணம் ஒரு கருந்துளை. அதை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்து சேர்த்தவள் நிறைமதி.

நிறைமதி எனக்கு எதிர்வீடு. இசக்கிராஜ் அண்ணனின் ஒரே மகள். நில அளவை அலுவலகத்தில் வேலை. மேலிருந்து எடுத்த படங்களை வைத்துக்கொண்டு எது வீடு, எது கிணறு, எது ஆக்கிரமிப்பு என்று கோடு போடுவாள். அவளுக்கு வானத்தில் ஒரு கிறுக்கு. அதைப் படித்தவள் இல்லை, ஆனால் கேட்பாள். கேட்டுக் கேட்டு, நாலு வருஷத்துக்கு முன்னால் “வானம் எல்லாருக்கும்” என்று ஓர் ஒலிநிகழ்ச்சி தொடங்கினாள். ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு விஞ்ஞானி ஒருவரைச் சமுதாயக் கூடத்துக்கு அழைத்து வந்து பேசவைப்பாள். தெருவே கூடி உட்கார்ந்து கேட்கும். ஊர் உலகமெல்லாம் செல்போனில் கேட்கும்.

அந்த நிகழ்ச்சிக்கு ஒரு சட்டம் உண்டு. முன்வரிசையில் நான் ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியுமாக உட்கார்ந்திருப்பேன். பேசுகிறவர் வாயில் புரியாத சொல் வந்தால் தட்டிவிடுவேன். டங் என்று கேட்டதும் அவர் நிறுத்தி, எனக்குப் புரிகிற மாதிரி மறுபடி சொல்ல வேண்டும். “சுபியத்தைக்குப் புரிஞ்சா நாட்டுக்கே புரியும்” என்று நிறைமதி மைக்கில் சொன்னதிலிருந்து எனக்குக் கொஞ்சம் பெயர்கூட உண்டு. என் டம்ளர் சத்தத்தை அழைப்பு மணியாக வைத்துக்கொண்டிருக்கும் ஆட்கள் மதுரைவரை இருக்கிறார்களாம். பெரிய பெரிய பேராசிரியர்கள் என் கரண்டியைப் பார்த்துப் பேசுவதில் எனக்கு இருந்த சுகத்தை மறைக்கப் போவதில்லை.

கருந்துளை விஷயத்தைச் சொல்ல வந்தவர் டாக்டர் அருமைநாயகம். நாசரேத்துக்காரர், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆளைப் பார்த்தால் விஞ்ஞானி மாதிரியே இருக்காது, தாலுகா ஆபீஸில் மனு எழுதிக் கொடுப்பவர் மாதிரி இருப்பார்.

“நம்ம மேல படுற வெயில் இருக்குல்லா,” என்று ஆரம்பித்தார். “அது பட்டுத் தெறிச்சு மேல போயிரும். போனது எங்கயும் நிக்காது. நீங்க வாசல்ல நின்ன சேதியைத் தூக்கிட்டுப் போயிட்டே இருக்கும். தேள் வடிவத்துல ஒரு நட்சத்திரக் கூட்டம் இருக்கு, விருச்சிகம்னு சொல்லுவோம். அதோட கொடுக்குப் பக்கத்துல ஒரு கருந்துளையைக் கண்டுபிடிச்சிருக்கோம். அதை ஒட்டிப் போற வெளிச்சம் ஈர்ப்புப் புலத்தோட வளைவுல…”

டங்.

“சரி அத்தை. பஸ் ஸ்டாண்டு ரவுண்டானா தெரியும்லா? திருச்செந்தூர்லேருந்து வர்ற பஸ்ஸு, எந்த ரோட்டுலயும் திரும்பாம, ரவுண்டானாவை ஒரு சுத்துச் சுத்தி வந்த ரோட்டுலயே திரும்பிப் போனா என்ன அர்த்தம்?”

“டிரைவருக்குக் கிறுக்குன்னு அர்த்தம்,” என்றேன்.

கூடம் சிரித்தது. அவரும் சிரித்தார். “அந்தக் கிறுக்கு வெளிச்சத்தைத்தான் பிடிச்சிருக்கோம். நம்ம பூமியிலேருந்து போன வெளிச்சம் கருந்துளையைச் சுத்திட்டு நம்மகிட்டயே வருது. போவ பதிமூணேகால் வருஷம், வர பதிமூணேகால் வருஷம். நிலாவுக்கு அந்தப் பக்கம் தொலைநோக்கிகளை வரிசையா நிறுத்தி அதை வாங்குதோம். இருபத்தாறரை வருஷத்துக்கு முந்தின பூமியை இன்னைக்குப் பாக்கலாம். உங்க தெருவைப் பாக்கலாம். உங்களையே பாக்கலாம்.”

“மூஞ்சி தெரியுமா?” என்றேன்.

“தெரியாது. மேலேருந்து பாக்கதுனால தலை ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஆனா காலை வெயில்ல நிழல் நீளமா விழும்லா? நிழலை வச்சு ஆளை எண்ணிரலாம். ஒருத்தரா, ரெண்டு பேரான்னு சொல்லிரலாம்.”

நான் டம்ளரைத் தட்டவில்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அதுதான் வினை.

அதற்கப்புறம் ஊர் நடந்துகொண்ட விதத்தைப் பார்க்க வேண்டுமே. இனி செய்வதெல்லாம் இருபத்தாறரை வருஷம் கழித்துத் தெரியும் என்று மொட்டை மாடிகளில் தகரக் கூரை ஏறியது. வக்கீல்கள் வானத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற மனுப் போட்டார்கள். நாலாம் தெருவில் ஒரு கிழவர், எந்தக் கேள்வியும் யாரும் கேட்காதபோதே, தன் மனைவியிடம் எதையோ ஒப்புக்கொண்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். என்ன ஒப்புக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும். அது வேறு கதை.

கருந்துளைப் படம் எல்லாருக்கும் கிடைத்துவிடாது. நிகழ்ச்சியின் பேருக்காக, ஆராய்ச்சி நிலையத்தார் நிறைமதிக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். ஒரு தெரு, ஒரு நாள், ஒரு மணி நேரம். எந்த நாள் வேண்டும் என்பதை நிகழ்ச்சிக்குக் கூடுகிறவர்களே முடிவு செய்யலாம். பலவேசம் அண்ணாச்சிக்குக் கல் நட்ட நாள் வேண்டும். டீச்சருக்குக் கல் நடாத நாள் வேண்டும். அந்தச் சண்டையின் நடுவில்தான் நிறைமதி எழுந்து நின்றாள்.

“நாப்பத்தஞ்சாம் வருஷத்துக் கரிநாள்,” என்றாள். “காலையில ஒம்பதுலேருந்து பத்து.”

பின்வரிசையிலிருந்து இசக்கிராஜ் அண்ணன் எழுந்தார்.

“எதுக்குட்டி? எதுக்குன்னு கேக்கேன். போனவ போயிட்டா.”

“யாரு கூடப் போனாங்கன்னு பாக்கணும்ப்பா.”

“அதான் தெருவுக்கே தெரியுமே!”

“தெருவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.”

தெருவுக்குத் தெரிந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் பொங்கல் கழிந்த கரிநாளில், வழக்கம்போல எல்லாரும் சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போயிருந்தார்கள். இசக்கிராஜ் அண்ணன் நாலு வயது நிறைமதியைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் மனைவி யாழினி தலைவலி என்று வீட்டில் இருந்துவிட்டாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது வீடு திறந்து கிடந்தது. அவள் இல்லை. தெரு ஆற்றுக்குக் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில், ஒன்பது மணிக்கு மேல், ஒரு சிவப்புக் கார் வந்தது, கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் இறங்கினான், யாழினி நீலப் பையோடு ஏறிப்போனாள். அந்தக் காரின் நிறம் தெருவில் பிறக்காத பிள்ளைக்கும் தெரியும். நிறைமதிக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் அந்தச் சிவப்புக் காரில் ஏறித்தான் போயின. இரண்டாவது மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போன அன்று, அவள் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து வெறும் தெருவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் நின்ற இடம் எது என்று தேடியிருப்பாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

“சுபி பாத்தாளே!” என்று இசக்கிராஜ் அண்ணன் என் பக்கம் கையை நீட்டினார். “மாடியில வத்தல் காயப்போட்டுட்டு நிக்கையில, ரெண்டு கண்ணால பாத்தாளே! அவகிட்டக் கேளு!”

எல்லாரும் திரும்பினார்கள்.

“பாத்தேன்தான்,” என்றேன். “தூரத்துலேருந்துதான.”

“தூரமாத்தான இருந்துச்சு,” என்றாள் நிறைமதி. “அதான் இன்னும் கொஞ்சம் தூரத்துலேருந்து பாக்கலாம்கேன்.”

கை தூக்கச் சொன்னார்கள். கல்லுக்குப் பதினொன்று. கரிநாளுக்குப் பதினொன்று. நான் மட்டும் பாக்கி. டம்ளர் என் மடியில் இருந்தது. கையைக் கல்லுக்குத் தூக்கியிருக்கலாம். எதிர்வீட்டுப் பிள்ளையின் வீட்டு விஷயத்தை ஊர் பார்க்க வேண்டாம் என்று நல்லவள் மாதிரிச் சொல்லியிருக்கலாம். யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதோடு, உண்மையைச் சொன்னால், எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கும் தெரியாது.

கரிநாளுக்குக் கை தூக்கினேன்.

அன்று கூட்டம் முடிந்ததும் டாக்டரைக் காப்பிக்குக் கூப்பிட்டேன். விருந்தோம்பல் என்று நினைத்து வந்தார், பாவம்.

“ஏன் டாக்டர், மாடியில நிக்க ஆளும் படத்துல தெரியுமா?”

“வெட்டவெளியில நின்னா எல்லாரும் தெரிவாங்க அத்தை.”

“மேகமா இருந்தா?”

“மேகமா இருந்தா மேகந்தான் தெரியும். நாங்களும் அதுக்குத்தான் பயப்படுதோம்.”

“கரிநாளன்னைக்கு மேகமா இருந்திருக்குமோ என்னவோ.”

அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். “நீங்கதான் வத்தல் காயப்போட்டீங்களே. நல்ல வெயிலா இருந்திருக்கும்லா?”

என் வாய்க்கு என் வாயாலேயே பூட்டு விழுந்தது அதுதான் முதல் தடவை.

காப்பியைக் குடித்து முடித்துவிட்டு அவரே பேசினார். “எங்க நிலையத்துல எல்லாரும் என்னைத் திட்டுதாங்க அத்தை. புள்ளிவிவரமா, வரைபடமா சொல்லியிருந்தா ஒருத்தரும் திரும்பிப் பாத்திருக்க மாட்டாங்க. நான்தான் உங்க தெரு, உங்க மாடி, உங்க நிழல்னு சொல்லிட்டேன். எல்லாருக்கும் புரியணும்னு மட்டுந்தான் நினைச்சேன். புரிஞ்ச பொறவு அவங்க என்ன செய்வாங்கன்னு நினைக்கவே இல்ல.”

“நிறைமதி கேட்டுக்கிட்டதுனாலயா அப்படிச் சொன்னீங்க?”

“அவங்க முதல் நாளே ஒண்ணு கேட்டாங்க. அப்பம் மைக் போடல. ‘நாலு வயசுல என்னை விட்டுட்டுப் போன ஆளு தனியாப் போனாங்களான்னு தெரியுமா’ன்னு. தெரியும்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?”

அவர் போன பிறகு, நான் தட்டுகிற டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். கழுவுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கரிநாள் காலையில் நான் மாடியில் இல்லை. வீட்டிலேயே இல்லை. வண்ணார்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி விசாரிக்கப் போயிருந்தேன். எனக்கு ஆகவேண்டிய மாப்பிள்ளை இல்லை. யாரோ தூரத்துச் சொந்தத்துக்காக, ஆளுக்குத் தெரியாமல் தெருமுனையில் நின்று, அந்த வீட்டில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் திரும்பி வந்தேன். எதிர்வீடு திறந்து கிடந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. சாயங்காலம் ஆற்றிலிருந்து தெரு திரும்பியது. இசக்கிராஜ் அண்ணன் வாசலில் நின்று கத்தினார். பிள்ளை அழுதது. எல்லாரும் என் வீட்டுக்கு ஓடி வந்தார்கள். “நீ இங்கதான இருந்த சுபி? நீ பாத்திருப்பியே?”

வேறு யாரிடமும் கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்கள். அந்தத் தெருவில் தெரியாது என்று நான் அதுவரை சொன்னதில்லை. தெருவின் பெரிய சம்பவம் என் வாசலுக்கு எதிரே நடந்திருக்கிறது, நான் அங்கே இல்லை. அந்த அவமானத்தைத் தாங்க முடியாமல் முதலில் “பாத்தேன்” என்று மட்டும்தான் சொன்னேன். “யாரு கூட?” என்றார்கள். கார் வந்தது. “என்ன காரு?” என்றார்கள். வண்ணார்பேட்டை மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்ற காரின் நிறம் வாயில் வந்தது. சட்டையும் அங்கே பார்த்ததுதான். இரண்டு நாளில் திரும்பிவிடுவாள், வந்ததும் எல்லாம் மறந்துபோகும் என்று நினைத்தேன். அவள் வரவில்லை.

விஞ்ஞானிகள் முன்னால் உட்கார்ந்து புரியவில்லை புரியவில்லை என்று நாலு வருஷம் டம்ளர் தட்டியவள் நான். அது எவ்வளவு சுலபம்.

ஆனித் தேர் ஓடி முடிந்த மறு ஞாயிறு படம் வந்தது. கூடத்தில் வெள்ளைத் திரை கட்டி, ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். மேகம் இல்லை. இசக்கிராஜ் அண்ணன் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். கதவோரமாக நின்றார்.

“நிமிஷத்துக்கு ஒரு படம்,” என்றார் டாக்டர். “மொத்தம் அறுபது. இங்கருந்து நிறைமதி சொல்லுவாங்க. மேலேருந்து படம் பாக்கதுல அவங்கதான் என்னைவிடக் கெட்டிக்காரங்க.”

சாம்பல் நிறத்தில் எங்கள் தெரு. கூரைகள் பெட்டி பெட்டியாக. அப்போது இருந்த வேப்பமரம் ஒரு கறுப்புக் கொத்தாக. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. அப்படியே பத்துப் பன்னிரண்டு படங்கள் நகர்ந்தன. ஒன்றுமே தெரியாமல் போய்விடும் போல.

“ஒம்பது பதிமூணு,” என்றாள் நிறைமதி. கையிலிருந்த சிவப்பு ஒளிப்பேனா தன் வீட்டு வாசலில் நின்றது. “ஆள் வெளிய வந்தாச்சு.”

ஒரு புள்ளி. அதிலிருந்து மேற்கே ஒரு நீளக் கோடு. கோட்டின் பாதியில் ஒரு முடிச்சு.

“பை,” என்றாள். “ஒரு ஆளு. ஒரு பை.”

அடுத்த படத்தில் புள்ளி தெருமுனைக்குப் பாதி தூரம் போயிருந்தது. அதற்கடுத்த படத்தில் மறுபடி வாசலில்.

“திரும்பி வந்திருக்காங்க,” என்றார் டாக்டர் மெதுவாக.

“ஒம்பது பதினாறு,” என்றாள் அவள். குரலில் ஒன்றுமில்லை. அலுவலகத்தில் புல எண் வாசிக்கிற குரல். “வாசலை விட்டுத் தெருவைத் தாண்டுதாங்க. எதிர்ப்பக்கம். ஒம்பது பதினேழு. எதிர்வீட்டுக் கேட்டுக்கிட்ட.”

புள்ளி நின்றது. படம் மாறியது. புள்ளி அங்கேயே நின்றது. படம் மாறியது. நிழல் மட்டும் மயிரிழை குறுகியிருந்தது. இன்னொரு படம். இன்னொன்று. ஒரு படத்தில் கோட்டிலிருந்து ஒரு சின்னக் கிளை பிரிந்து கேட்டின்மேல் கிடந்தது.

“கை,” என்றாள். “தட்டுதாங்க.”

முந்தின நாள் மாட்டுப் பொங்கல். இசக்கிராஜ் அண்ணன் வீட்டில் பாத்திரம் உருண்ட சத்தமும், அதற்கப்புறம் வேறொரு சத்தமும், அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லாததும், தெருவைத் தாண்டி எனக்குக் கேட்டிருந்தது. நான் ஜன்னலைத் திறந்து பார்த்ததை யாழினி பார்த்தாள். எங்கள் கண்கள் சந்தித்தன. அதனால்தான் என்னிடம் வந்திருக்கிறாள். ஏற்கெனவே தெரிந்தவளிடம் சொல்வது சுலபம்.

“ஒம்பது இருபத்தெட்டு,” என்றாள் நிறைமதி. “கிளம்பிட்டாங்க. பதினோரு நிமிஷம்.”

புள்ளி தெருமுனை திரும்பி மெயின் ரோட்டுக்குப் போய் நின்றது. ஒன்பது முப்பத்தொன்பதில் ஒரு நீளப் பெட்டி வந்து அதை மறைத்தது. அடுத்த படத்தில் பெட்டியும் இல்லை, புள்ளியும் இல்லை. பத்து மணிவரை மீதி இருபது படங்களையும் ஒன்றுவிடாமல் போட்டாள். கார் எதுவும் எங்கள் தெருவுக்குள் வரவில்லை. சிவப்பு என்ன, எந்த நிறமும்.

“நின்னது எந்த வீடு?” என்று ஹெப்சிபா டீச்சர் கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாம் என்று கையால் வாயைப் பொத்தினாள்.

“கதவு எண் பதினாலு.” சிவப்புப் புள்ளி என் வீட்டுக் கூரைமேல் ஏறியது. மெதுவாக நாலு மூலைக்கும் போய் வந்தது. “மாடியில பாய் இல்ல. வத்தல் இல்ல. ஆளும் இல்ல.”

விளக்கைப் போட்டார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். டம்ளர் மடியில். அவள் என் முன்னால் வந்து நின்றாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அத்தை,” என்றாள், “டம்ளரைத் தட்டவே இல்லையே. எல்லாம் புரிஞ்சிட்டா?”

கதவோரத்தில் இசக்கிராஜ் அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு மாசம் கழிச்சு போன் பண்ணா,” என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. “பிள்ளையைக் கேட்டா. ‘அந்தக் கார்க்காரன்கூடவே இரு, இங்க வராத’ன்னு சொன்னேன். ‘எந்தக் கார்’னு கேட்டா. நடிக்கான்னு நினைச்சு வச்சிட்டேன். ‘எந்தக் கார்’னு கேட்டா சுபி.”

“எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல? போன் வந்துச்சுன்னு ஏன் சொல்லல?” அப்போதுதான் நிறைமதியின் குரல் உடைந்தது. “நீ அவங்களை அடிச்சது, இந்த அத்தை பொய் சொன்னது, ரெண்டுக்கும் நடுவுல நான் எத்தனை வருஷம்ப்பா வாசலைப் பாத்துட்டு இருந்தேன்!”

டாக்டர் கருவிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். வைத்ததையே எடுத்து மறுபடி வைத்தார்.

அந்த நிகழ்ச்சி ஒலிபரப்பாகவில்லை. அவள் வெளியிட்டிருக்கலாம், நாடே கேட்டிருக்கும். வெளியிடவில்லை.

பழைய பஸ் நேரப் பட்டியலைத் தேடிப் பார்த்ததில், ஒன்பது முப்பத்தொன்பதுக்கு மெயின் ரோட்டில் நின்றது திருச்செந்தூர் பஸ். அந்தத் தடத்தில் ஊர் ஊராக விசாரித்து, எட்டு மாசத்தில் நிறைமதி உடன்குடியில் ஒரு பெண்கள் விடுதியைக் கண்டுபிடித்தாள். யாழினி அங்கே சமையல் வேலை பார்த்திருக்கிறாள், இருபத்துமூன்று வருஷம். தனியாகத்தான் வந்தாளாம், தனியாகத்தான் இருந்தாளாம். படம் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால் இறந்துபோனாள்.

இதை நிறைமதி என்னிடம் சொல்லவில்லை. அவளோடு துணைக்குப் போய்வந்த ஹெப்சிபா டீச்சர் சொன்னாள். விடுதிப் பிள்ளைகள் இன்னொன்றும் சொன்னார்களாம். ஞாயிறு நாலு மணியானால் சமையற்கட்டில் செல்போனை மசாலாச் சம்படத்தின்மேல் சாய்த்து வைத்து, யாழினி “வானம் எல்லாருக்கும்” கேட்பாளாம். நட்சத்திரம், கருந்துளை ஒன்றிலும் அவளுக்கு அக்கறை கிடையாது. நடத்துகிற பெண்ணின் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு காய் நறுக்குவாளாம். எப்போதாவது டம்ளர் சத்தம் கேட்டால், “இவ இன்னும் இருக்கா பாரு” என்று சிரிப்பாளாம். யார் அது என்று பிள்ளைகள் கேட்டதற்கு, எங்க எதிர்வீடு, நல்ல மனுஷி, எல்லாம் தெரிஞ்சவ என்றாளாம்.

டீச்சர் இதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் என் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். காப்பி ஆறிப்போனது.

அப்புறம் நடந்தவற்றையும் சொல்லி முடிக்கிறேன். பலவேசம் அண்ணாச்சியின் கடைசி மகனும் டீச்சரின் தங்கை மகளும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போய்விட்டார்கள். கல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பக்கத்தில் ஒரு முருங்கைக் கொப்பை நட்டிருக்கிறார்கள், யார் நட்டது என்று இரண்டு வீட்டாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். டாக்டர் அருமைநாயகத்தை நிறைமதிக்குப் பேசி முடிப்பார்கள் என்று தெருவே எதிர்பார்த்தது. அவர் மார்த்தாண்டத்தில் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டார். இப்போது வகுப்பறைக்கு வெளியே பேசுவதில்லையாம். இசக்கிராஜ் அண்ணன் கடையத்தில் தங்கை வீட்டோடு போய்விட்டார். எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது.

நிறைமதி வேலையை மாற்றல் வாங்கிக்கொண்டு உடன்குடிக்கே போய்விட்டாள். நிகழ்ச்சி அங்கிருந்து வருகிறது. விடுதிப் பெண் ஒருத்தி டம்ளர் தட்டுகிறாள். என்னைவிட நன்றாகத் தட்டுகிறாள், வேண்டிய இடத்தில் மட்டும்.

சென்ற ஆவணியில் நிறைமதிக்கு அங்கேயே கல்யாணம் நடந்ததாகச் சேதி வந்தது. பத்திரிகை எனக்கு வரவில்லை. அன்று சாயங்காலம் தெருப் பெண்கள் நாலைந்து பேர் வழக்கம்போல என் வாசலுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை யார், எந்த ஊர், என்ன வேலை, விரும்பிக் கட்டியதா பேசிக் கட்டியதா, உனக்குத் தெரியாமல் இருக்குமா சுபி என்று கேட்டார்கள்.

தெரியாது என்று சொன்னேன்.